பட்டினி போடத் தெரியாதவர்

"போதும்" என்று இலைக்குக் குறுக்கே நீட்டிய கையின்மேலேயே ஒரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார் பாக்கியநாதன். கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தவர் மணப்பெண்ணின் தாய்மாமன். சின்ன விஷயத்துக்கும் சண்டைக்கு நிற்கிறவர்.

"இன்னாயா, கண்ணு தெரியல?"

"நல்லா தெரியுது மாமா. பக்கத்து இலையில மூணு கரண்டி, உன் இலையில ரெண்டு. நாளைக்கு நீயே கேப்ப, எனக்கு மட்டும் ஏன்டா கொறச்சன்னு."

"நான் எங்கடா கேட்டேன்?"

"கேக்கல. மனசுல வச்சிக்கினு போவ."

தாய்மாமன் அந்த மூன்றாவது கரண்டியைப் பிசைந்து சாப்பிட்டார். மனசுக்குள் நினைக்கப்போவதற்கும் முன்கூட்டியே பதில் வைத்திருக்கிற ஆளிடம் யார்தான் என்ன பேச முடியும்?

ஊத்துக்கோட்டையைச் சுற்றிலும் உள்ள கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணமோ, ஞானஸ்நானமோ, செத்தவர்களுக்கான நினைவு நாளோ, எதுவானாலும் பந்தி பாக்கியநாதன் கையில்தான். சமையல்காரர் மாறுவார், பந்தல்காரர் மாறுவார், இவர் மாறமாட்டார். ஆள் நல்ல உயரம். உடம்பில் எலும்புதான் அதிகம். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே, உலகச் சண்டைக் காலத்தில் ஆவடி ராணுவ முகாமிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த காக்கி டவுசர் தெரியும். பரிமாறும்போது வாளியை இடது கையில் தூக்கிப் பிடித்து, பந்தியின் கடைசி இலையிலிருந்துதான் ஆரம்பிப்பார். எல்லோரும் பரிமாறுகிற திசைக்கு இவர் திசை நேர் எதிர். இதனால் நடுப்பந்தியில் சோற்றுக் கூடையும் குழம்பு வாளியும் முட்டிக்கொள்வது வழக்கம்.

காரணம் கேட்டால் சொல்வார். சிறு வயதில், இப்போதும் அவர் வேலை செய்கிற, ஜானகியம்மாள் நிர்வாகம் செய்கிற பண்ணையில், அந்த அம்மாளின் மாமனார் காலத்தில் பண்ணையாட்களுக்குக் களத்து மேட்டில் பந்தி போடுவார்கள். எல்லோரும் எழுந்த பிறகு போடுகிற பந்தி. அதிலும் கடைசி இலை பாக்கியநாதனுடையது. "தலப்புல குந்தினவனுக்குக் கறி. நடுவுல குந்தினவனுக்குக் கொழம்பு. எனக்கு அண்டா கழுவின தண்ணி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றி, "நீங்க துன்னீங்களா?" என்று கேட்பார்.

அந்தக் கல்யாணத்தில் சலாஹுதீனும் உட்கார்ந்திருந்தான். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் மொய்னுதீனின் கடைசி மகன். வீட்டின் முதல் பட்டதாரி. விவசாய இலாகாவில் செயல்விளக்கம் காட்டுகிற உத்தியோகம். கறி வந்தபோது, "எனக்கு வேண்டாம். சோறும் ரசமும் போதும்" என்றான். பாக்கியநாதன் ஒரு நிமிஷம் நின்றார். மற்ற இலைகளில் இருக்கும் கறியை மனசுக்குள் எடை போடுவது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு உள்ளே போனார். திரும்பி வந்து சலாஹுதீனின் இலையில் பாயசத்தை மூன்று முறை ஊற்றி, நான்கு வாழைப்பழங்களை வைத்து, அப்பளத்தை அடுக்கினார். "இப்ப சரிக்குச் சரி" என்றார்.

இந்த மனிதரிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அன்றே சலாஹுதீனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பாயசம் நன்றாக இருந்ததால் அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பாக்கியநாதனின் மனைவி சாராள்தான் அவரை உள்ளும் புறமும் அறிந்தவள். மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் கிரீச்சிட்டால் இரண்டு சக்கரத்துக்கும் எண்ணெய் விடுவாராம். ஒரு காளை தீனி எடுக்காமல் படுத்திருந்தாலும், மற்றதற்கு வைக்கிற அளவு வைக்கோலை அதன் முன்னாலும் வைத்துவிட்டுத்தான் நகர்வாராம். "எம் மூத்தவனுக்கு வயிறு சரியில்லன்னு வெளக்கெண்ண குடுக்கச் சொன்னேன். வயலுக்குப் போய்ட்டு வந்து பாக்கறேன், மூணு புள்ளைங்களும் கொல்லப்பக்கம் வரிசையா குந்திக்கினு கீது. இன்னாயான்னு கேட்டா, ஒருத்தனுக்கு மட்டும் எப்படிக் குடுக்கறதுன்றாரு. இந்த ஆளுகூட ஒரே பேஜாரு." இதைச் சொல்லும்போது சாராள் கோபமாகத்தான் ஆரம்பிப்பாள். முடிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் மழை ஓய்ந்ததும் சலாஹுதீன் ஜானகியம்மாளின் வீட்டுக்கு ஒரு துணிப் பையோடு வந்தான். பையில் கொத்துமல்லியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கரடுமுரடான விதைகள் இருந்தன. சீமையில் இந்தக் கிழங்கிலிருந்துதான் சர்க்கரை எடுக்கிறார்கள், பீட்ரூட்டின் ஜாதிதான், ஆனால் வெள்ளை நிறம், நம் பக்கத்து மணல் கலந்த மண்ணில் பனிக்காலத்தில் வருமா என்று பார்க்க வேண்டும் என்றான்.

ஜானகியம்மாள் விதையை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். கணவர் போன பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தனியாகப் பண்ணை நடத்துகிறவர். யாருடைய படிப்புக்கும் பயப்படமாட்டார். "ஆத்தோரத்து ரெண்டு ஏக்கரா சும்மாதான் தம்பி கெடக்குது. எளாவூரு காண்ட்ராக்டரு சவுக்கு போடலாம்னு அலையறான். சவுக்குன்னா எனக்கு ஆள் தேட வேணாம், அதிகாரம் பண்ண வேணாம். நட்டுட்டுத் தூங்கலாம். ஆனா உங்க நைனா எங்க ஊட்டுக்கு அம்பது வருசமா கருவாடு போட்டவரு. ஒரு ஓரத்துல போட்டுப் பாரு. கெழங்கு தித்திச்சா ரெண்டு ஏக்கராவும் உன் கெழங்குக்கு. தித்திக்கலன்னா சவுக்கு."

வாசலில் நின்றுகொண்டிருந்த பாக்கியநாதன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அந்த இரண்டு ஏக்கரில் வேலை செய்கிறவர்கள் அவரும் சாராளும்தான். அதன் ஓரத்தில்தான் அவர்கள் குடிசை. சவுக்கு கொஞ்சம் வளரும்வரை தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் வேண்டும்; அதற்குப் பிறகு வெட்டும்வரை யாரும் வேண்டாம். வேலை இல்லாத ஆளுக்குக் குடிசை எதற்கு என்று யாராவது கேட்கும் நாள் வெகுதூரம் இல்லை. அப்புறம் பட்டணம்தான், அவருக்குத் துறைமுகத்தில் மூட்டை, சாராளுக்குக் கட்டடத்தில் செங்கல்.

"போட்டுடலாம் சார். நான் தித்திக்க வைக்கறேன்" என்றார் பாக்கியநாதன்.

நான்கு பாத்தி போட்டார்கள். விதை முளைத்து, நாற்று நான்கு விரல் உயரம் வந்ததும் சலாஹுதீன் சல்பேட் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். வெள்ளைச் சர்க்கரை மாதிரி இருக்கும் அந்த உப்பு உரத்தைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. ஒருவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"நாலாவது பாத்திக்கு மூணு பங்கு. மூணாவதுக்கு ரெண்டு. ரெண்டாவதுக்கு ஒண்ணு. மொத பாத்திக்கு ஒண்ணும் கெடையாது" என்றான் சலாஹுதீன்.

பாக்கியநாதன் முதல் பாத்தியைப் பார்த்தார். "அது இன்னா சார் தப்பு பண்ணிச்சி?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. அது சும்மா இருக்கணும்."

"சும்மான்னா?"

"தண்ணி மட்டும்."

"ஜெயில்லகூட களி போடறாங்க சார்."

கூட்டம் சிரித்தது. சலாஹுதீனும் சிரித்தான். "இலாகா உத்தரவுண்ணே" என்று முடித்துக்கொண்டான். அன்று உரம் வைத்தபோது பாக்கியநாதனின் கை தானாகவே முதல் பாத்தியின் பக்கம் போயிற்று. சலாஹுதீன் சைக்கிளைக் கொண்டுபோய் அந்தப் பாத்தியின் குறுக்கே நிறுத்தி, அதன் மேல் சாய்ந்து நிற்க வேண்டியதாயிற்று. இன்னும் இரண்டு தடவை உரம் வைக்க வேண்டும். அதற்குள் திருநின்றவூர்ப் பக்கம் நெற்பயிரில் பூச்சி விழுந்துவிட்டது என்று அவனை அங்கே அனுப்பிவிட்டார்கள். மீதி மூட்டையைப் பாக்கியநாதனிடமே ஒப்படைத்து, அளவை மறுபடியும் சொல்லிவிட்டுப் போனான். எவ்வளவு என்று மூன்று முறை சொன்னான். ஏன் என்று ஒரு முறையும் சொல்லவில்லை.

சித்திரை பிறந்ததும் திரும்பி வந்தான். கிழங்கு பிடுங்குகிற நாள். ஆற்றோரத்துக்கு வந்ததுமே அவனுக்குச் சுருக்கென்றது. நான்கு பாத்தியும் ஒன்றுபோல நின்றன. யானைக்காது மாதிரி இலைகள், கரும்பச்சையில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, மண் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தன. எது முதல் பாத்தி, எது நாலாவது என்று நட்டவனே சொல்ல முடியாது.

ஊர்க்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் எதுவும் இல்லை. அவர்கள் ஏற்கெனவே அதற்குப் 'பாய் முள்ளங்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாக்கியநாதன் ஒரு கிழங்கை இலையோடு பிடித்து ஆட்டி, முழங்காலை ஊன்றி இழுத்தார். பிறந்த குழந்தை கனத்தில் வந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டுபோய், குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜானகியம்மாளின் மடியில் வைத்தார்.

"நல்ல கனம்டா" என்றார் அவர். "காண்ட்ராக்டரு நாளைக்கு வரான். தம்பி, உன் கண்ணாடிய போட்டுப் பாத்து இன்னிக்கே சொல்லிப்புடு."

சலாஹுதீனிடம் ஒரு சாண் நீளத்தில் பித்தளைக் குழாய் ஒன்று இருந்தது. கிழங்கைத் துருவி, துணியில் பிழிந்து, அதன் முனைக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வானத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், உள்ளே வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோடு ஒன்று தெரியும். சர்க்கரை அதிகமானால் கோடு மேலே ஏறும். நாலாவது பாத்தியின் கிழங்கில் கோடு கீழேயே படுத்திருந்தது. அது அவன் எதிர்பார்த்ததுதான். மூன்றாவதில் பார்த்தான். இரண்டாவதில் பார்த்தான். முதல் பாத்தியில் மூன்று கிழங்குகளை மாற்றி மாற்றிப் பார்த்தான். கோடு எழுந்திருக்கவே இல்லை.

ஜானகியம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, பக்கத்தில் துப்பினார். "தண்ணி. கூடவே ஒரு உப்புக் கரிப்பு."

"பாக்கியநாதண்ணே, மொத பாத்திக்கு என்ன வச்சீங்க?"

"எல்லாத்துக்கும் வச்சதுதான் சார்." குரலில் ஒளிவு மறைவே இல்லை.

"மூணு பங்கா?"

"பின்ன? நாலாவது மட்டும் தளதளன்னு நிக்குது. மொத பாத்தி மஞ்சளா, அத்த பாத்துக்கினே நிக்குது. தெனம் தண்ணி கட்டப் போனா அது மூஞ்சில முழிக்க முடியல சார். நடுவுல ரெண்டும் இன்னா நெனச்சிக்கும்? அதான் மூட்டையக் கொட்டி எல்லாத்தையும் நாலாவதுக்குச் சரியா கொண்டாந்துட்டேன். நீங்க வந்தா சந்தோசப்படுவீங்கன்னு பாத்தா..."

சலாஹுதீன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, உரம் ஏற ஏற இலையும் கிழங்கும் பெருத்துக்கினே போகும். சர்க்கரை சேராது. பெருக்கறதுக்குத்தான் அதுக்கு நேரம் இருக்கும், சேத்து வைக்க நேரம் இருக்காது. உரமே இல்லன்னா கிழங்கு சின்னதா நின்னுடும். நடுவுல எவ்வளவு வச்சா கனமும் வரும், தித்திப்பும் வரும்னு தெரிஞ்சிக்கத்தான் நாலு அளவு. மொத பாத்தி சும்மா இருந்தாத்தான் மத்ததை எதோட ஒப்பிடறதுன்னு தெரியும்."

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல சார்?" என்றார் பாக்கியநாதன். குறையாகச் சொல்லவில்லை; நிஜமாகவே கேட்டார்.

சொல்லியிருக்கலாம்தான், சலாஹுதீனுக்கே அது தெரிந்தது. உத்தரவு என்ற ஒரு சொல்லை வைத்து நான்கு மாதத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தவன் அவன்தானே. அதைவிட வேறொன்று உறுத்தியது. பழவேற்காட்டு வீட்டில் பெரிய மீன் துண்டு எப்போதும் அவன் தட்டில்தான் விழும், படிக்கிற பிள்ளை. அண்ணன் அமீருதீன் பதினைந்து வயதில் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனான். வீட்டிலிருந்த அத்தனை உரமும் ஒரே பாத்திக்கு. அந்தப் பாத்தியும் தளதளவென்று வளர்ந்து, பட்டம் வாங்கி, கழுத்துப் பட்டை போட்ட சட்டையோடு படம் எடுத்துக்கொண்டு, இப்போது ஒரு வரப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பித்தளைக் குழாயைத் தன்மீது வைத்துப் பார்த்தால் கோடு எங்கே நிற்கும்? இலை மட்டும் பெரிதாக இருக்குமோ? இந்த யோசனை வந்ததும் அவனுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதை அடக்கிக்கொள்ளக் குனிந்தான்.

ஜானகியம்மாள் மடியிலிருந்த கிழங்கைக் கீழே இறக்கினார். "கெடுத்தியேடா. சரி போ, மாட்டுக்குப் போடு. நாளைக்கு அவன் வந்தா சவுக்குன்னு சொல்லிடறேன்."

அதுவரை கூடையோடு நின்றிருந்த சாராள் கூடையை வீசினாள். "ஊருக்கெல்லாம் அள்ளிப் போட்டியே, கடைசில நம்ம சோத்துல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கினியேயா. இனிமே பட்டணத்துல போய் யாருக்குச் சரிக்குச் சரி குடுப்ப?"

"கத்தாத சாராளு."

"கத்தாம? இந்தப் பாழாப்போன கெழங்கு இவரு கண்ணாடில தித்திக்க மாட்டேங்குது, அந்தம்மா வாயில தித்திக்க மாட்டேங்குது. எங்கூட்டு மீன் கொழம்புல மட்டும் வந்து தித்திக்குது. ரெண்டு நாளா புள்ளைங்க கொழம்பத் தொடல. பாயசத்துல மீன் போட்ட மாதிரி கீதும்மான்னு அழுவுதுங்க."

சலாஹுதீன் நிமிர்ந்தான். "எந்தக் கிழங்க போட்டீங்க?"

"இதுங்கள எங்க தொட வுட்டாரு? தோ, அந்தாண்ட வரப்புக்குப் பின்னால, மொட்டப் பனை கிட்ட கீறதுங்க. கோணலும் மாணலுமா, ஒவ்வொண்ணுக்கும் மூணு காலு."

"அங்க ஒண்ணும் இல்ல சார்" என்று பாக்கியநாதன் குறுக்கே வந்து நின்றார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெட்கம் தெரிந்தது. நான்கு பாத்திக்கும் உரத்தைக் கொட்டியதைச் சொன்னபோதுகூட வராத வெட்கம்.

அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான் சலாஹுதீன். வரப்புக்கு அந்தப் பக்கம், வெறும் மணலில், ஒரு வரிசை சின்னச் செடிகள் இருந்தன. வெளிறிய இலை. இந்தக் கிழங்கின் ஒரு விதையில் மூன்று நான்கு முளைகள் வரும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

"பிடுங்கினேன் சார். எறியறதுக்குத்தான் மனசு வரல. உயிரோட கீதேன்னு இங்க ஊணி வச்சேன்."

"இதுக்கு உரம்?"

பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "இதுங்க மொறைக்கு வரசொல்ல மூட்ட காலியா பூட்ச்சி சார். ஒரு சிட்டிகைகூட இல்ல. என் கையால பந்தியில குந்த வச்சி, வெறும் இலையோட எழுப்பி அனுப்பிட்டேன். அதான் உங்களுக்குக் காட்டல."

சலாஹுதீன் ஒரு கோணல் கிழங்கைப் பிடுங்கினான். உள்ளங்கை அளவுதான் இருந்தது. துருவ ஆரம்பித்ததுமே விரல்கள் ஒட்டிக்கொண்டன. சொட்டு விட்டு, குழாயை வானத்துக்குத் தூக்கினான். கோடு நடுவைத் தாண்டி மேலே போய் நின்றது. கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு கிழங்கில் பார்த்தான். அதே இடம். குழாயை ஜானகியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். "எனக்கு ஆகாசந்தான் தம்பி தெரியுது. அந்தக் கெழங்க வெட்டிக் குடு."

வெட்டிக் கொடுத்தான். மென்றார். சாராள் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டு ஜானகியம்மாள் கையை நீட்டினார், இன்னொரு துண்டுக்கு.

"அப்ப பசியாக் கெடந்தா தித்திப்பு வரும்ன்றீங்க" என்று பாக்கியநாதன் சலாஹுதீனின் காதருகே கேட்டார்.

"அப்படித்தான் வச்சிக்குங்களேன்."

"நானும் எவ்வளவோ பசிச்சவங்கள பாத்துட்டேன் சார். ஒருத்தங்கூட தித்திப்பா பேசினதில்ல."

செடி வேறு, மனுஷன் வேறு என்று சலாஹுதீன் சொல்ல வாயெடுத்தான். அந்த வித்தியாசம் தனக்கே அவ்வளவு தெளிவாக இருக்கிறதா என்ற சந்தேகத்தில் அடுத்த கிழங்கைப் பிடுங்கக் குனிந்தான்.

ஜானகியம்மாளின் தீர்ப்பு அவர் கணக்குப்படியே வந்தது. "ஒரு ஏக்கராவுல சவுக்கு. பாத்திக் கெழங்கு தித்திக்கல, சொன்ன சொல்லு சொல்லுதான். இன்னொரு ஏக்கராவுல அடுத்த பனிக்கும் கெழங்கு போடுங்க. தம்பி, உன் நாலு பாத்தி ஒழுங்கா நடக்கணும். மொத பாத்திய இவன்தான் பட்டினி போடணும், இவன் கையாலயே. நீ காவலுக்கு நிக்கக் கூடாது. ஒரு பிடி சல்பேட்டு அதுல விழுந்துச்சின்னு தெரிஞ்சாலும் அந்த ஏக்கராவும் சவுக்குதான். ஏண்டா, முடியுமா?"

"முடியும்மா" என்றாள் சாராள், பாக்கியநாதனுக்கு முந்திக்கொண்டு.

அந்த மழைக்காலம் முழுவதும் சாராளுக்கு ஒரே கவலை. பந்தியில் அவர் வாளியைத் தூக்கினாலே, "இத்த தூக்கித் தூக்கி, பட்டினி போடறத மறந்துடப் போறாரு" என்று முணுமுணுத்தாள். பயிற்சிக்காக வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வேர்க்கடலை கொடுத்துப் பார்க்கச் சொன்னாளாம். பாக்கியநாதன் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கொடுக்காத இரண்டு பிள்ளைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார். மூத்தவன் கையில் கடலையோடு, தன்னை மட்டும் தூக்கவில்லை என்று ஊரைக் கூட்டினான்.

மார்கழியில் முதல் உரம் வைக்கிற நாள் வந்தது. காவலுக்கு நிற்கக் கூடாது என்பதால் சலாஹுதீன் சைக்கிளை எதிர்ச்சாலைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, செயின் கழன்றதுபோலக் குனிந்துகொண்டான். ஐம்பது அறுபது கஜ தூரத்தில் பாக்கியநாதன் தெரிந்தார். அந்தப் பக்கத்து ஏக்கரில் சவுக்குக் கன்றுகள் இடுப்பு உயரத்துக்கு வந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

நாலாவது பாத்திக்கு வைத்தார். மூன்றாவதுக்கு வைத்தார். இரண்டாவதுக்கு வைத்தார். கூடையின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது போலும். முதல் பாத்தியின் தலைப்பில் வந்து நின்றார். கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சலாஹுதீனின் விரல் சைக்கிள் செயினில் சிக்கி வலித்தது, எடுக்கத் தோன்றவில்லை. பாக்கியநாதன் வாய் அசைவது தெரிந்தது. யாரோடு பேசினார், என்ன பேசினார் என்று இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. பிறகு திரும்பி நடந்து, மிச்சத்தைச் சாக்கிலேயே கொட்டி, சாக்கின் வாயைக் கட்டினார். முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு, சாராள் கொடுத்தனுப்பிய தூக்கை எடுத்து வரப்பில் உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். முதல் கவளம் பிசைந்தவர் நிமிர்ந்தபோது எதிரே முதல் பாத்தி இருந்தது. கவளத்தைத் தூக்கிலேயே போட்டு மூடினார். எழுந்து, வரப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போய், மண்மேட்டின் மறைவில் பாத்திக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டைத் தலைக்கு மேல் இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்ல மெல்ல மென்று தின்னத் தொடங்கினார்.